நீர்நாய் திரும்பி வந்த ஆறு

இங்கிலாந்தின் ஆற்றங்கரையிலோ ஏரிக்கரையிலோ தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் மீனை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. கெண்டை, பார்பல், ரோச், பைக் எதுவானாலும் பிடித்ததும் நனைத்த மெத்தையில் கிடத்தி, முள்ளைக் கழற்றி, எடை பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு தண்ணீரிலேயே விட்டுவிடுவதுதான் அங்கே வழக்கம். சால்மன், டிரவுட் பிடிப்பவர்களிடமும் இது பரவிவிட்டது. ஆகவே ஒரே மீன் பத்திருபது ஆண்டுகளில் பல கைகளுக்குப் போய் வருகிறது. அது வளர்கிறது, கிழடாகிறது. செதில்களின் அமைப்பையும் உடம்பின் தழும்பையும் வைத்து அதை அடையாளம் கண்டுகொள்கிறார்கள். பெயரும் வைக்கிறார்கள்.

1952 செப்டம்பரில் ரிச்சர்ட் வாக்கர் என்பவர் ரெட்மயர் என்னும் சிறு குளத்தில் 44 பவுண்டு எடையுள்ள கெண்டை ஒன்றைப் பிடித்தார். அதைக் கொல்லாமல் லண்டன் உயிரியல் பூங்காவுக்கு அனுப்பினார். 'கிளாரிசா' என்று பெயர் பெற்ற அந்த மீன் 1971 வரை அங்கே வாழ்ந்தது. அதைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். கெண்ட் மாவட்டத்தின் கான்னிங்புரூக் ஏரியில் இருந்த 'டூ டோன்' அறுபத்தேழு பவுண்டைத் தாண்டி, நாட்டின் மிகப் பெரிய கெண்டை என்ற பெயரோடு இருந்தது. 2010இல் மூப்பில் செத்தபோது தூண்டிலாளர்கள் கூடி அதை அடக்கம் செய்தார்கள்.

இந்த உறவைத் தெரிந்துகொள்ளாமல், நீர்நாயை முன்னிட்டுத் தூண்டிலாளர்களுக்கும் இயற்கை ஆர்வலர்களுக்கும் இடையே நடக்கும் சண்டையைப் புரிந்துகொள்ள முடியாது. குளிர்கால விடியலில் ஏரிக்கரைக்கு வருகிற ஒருவர், இருபது வருடமாகத் தனக்குத் தெரிந்த மீன் புல்லில் கிடப்பதைப் பார்க்கிறார். தொண்டையும் செவுளும் கிழிந்திருக்கின்றன, ஈரலைக் காணவில்லை, மிச்ச உடல் தொடப்படாமல் கிடக்கிறது. தன் வாயில் அடங்காத மீனைப் பிடித்தால் மென்மையான பாகங்களை மட்டும் தின்றுவிட்டுப் போவது நீர்நாயின் இயல்பு. கரையில் நிற்பவருக்கோ அது வீண் கொலையாகத்தான் தெரியும். அதில் பண நட்டமும் உண்டு. பெரிய கெண்டை ஒன்றின் விலை ஆயிரக்கணக்கான பவுண்டு. சீட்டு விற்றுப் பிழைக்கும் ஏரிக்குப் பெயர்பெற்ற மீன்கள் போனால் ஆட்களும் போய்விடுவார்கள். அந்தத் துயரத்தை இயற்கை ஆர்வலர்கள் சிலர் பணக்காரப் பொழுதுபோக்கின் புலம்பல் என்று ஒதுக்கிவிடுவது நியாயமில்லை. தூண்டிலாளர்களில் பலர் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். வாரம் முழுதும் உழைத்துவிட்டு ஒரு நாள் தண்ணீரைப் பார்த்து உட்காரப் போகிறவர்கள்.

குற்றஞ்சாட்டப்படும் உயிர்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று ஐரோப்பிய நீர்நாய். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடைகளிலும் அரிதாக உள்ள அதே இனம். மற்றொன்று பெரிய நீர்க்காகம். தமிழ்நாட்டு ஏரிகளில் பட்டுப்போன மரத்தின் மேல் சிறகை விரித்துக் காயவைத்தபடி நிற்பவற்றில் இந்த இனமும் உண்டு. நீர்நாய்க்கு ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் இரை வேண்டும். நீர்க்காகத்துக்கு அரைக் கிலோவை ஒட்டி.

இந்தப் பகை பழையது. முதலாம் எலிசபெத் காலத்துச் சட்டமொன்று, 1566இல், நீர்நாய், நீர்க்காகம், மீன்கொத்தி உள்ளிட்ட பல உயிர்களின் தலைகளுக்கு விலை வைத்தது. அதன்படி ஊர்த் தேவாலயங்களின் பொறுப்பாளர்கள் பல தலைமுறைகளாகப் பணம் கொடுத்துவந்தார்கள். ஐசக் வால்டனின் புகழ்பெற்ற தூண்டில் நூல் 1653இல் வெளிவந்தது. அதன் தொடக்கப் பகுதியிலேயே நீர்நாய் வேட்டை வருகிறது. அந்நூலின் தூண்டிலாளர் நீர்நாயை வெறுக்கிறவர். ஆனால் இடையிலே வேறொரு காலமும் இருந்தது. முதலாம் ஜேம்ஸ் மன்னர் வெஸ்ட்மின்ஸ்டரில் பழக்கிய நீர்க்காகங்களை வைத்திருந்தார். கழுத்தில் வளையம் மாட்டி அவற்றைக் கொண்டு மீன் பிடிப்பது அவருக்குப் பிரியமான விளையாட்டு. அவற்றைக் கவனிக்கத் தனி அதிகாரியே இருந்தார். ஜப்பானின் நகாரா ஆற்றில் இந்த முறை இன்றும் தொடர்கிறது.

வேட்டை நாய்களாலும் பொறிகளாலும் நானூறு ஆண்டுகளில் செய்ய முடியாததை ஒரு வேதிப்பொருள் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்தது. 1950களின் நடுவில் விதை நேர்த்திக்கும் ஆடுகளைக் குளிப்பாட்டும் மருந்துக்கும் டீல்ட்ரின், ஆல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லிகள் வந்தன. வயலிலிருந்து வாய்க்காலுக்கும், வாய்க்காலிலிருந்து புழுபூச்சிக்கும், அங்கிருந்து விலாங்குக்கும் போன நஞ்சு, விலாங்கின் கொழுப்பில் தங்கி நீர்நாயின் உடம்பில் வந்து குவிந்தது. எப்போது தொடங்கியது இந்தச் சரிவு என்பது பின்னால் வேட்டைக் குழுக்களின் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. 1957-58 தொடங்கி, நாய்கள் மோப்பம் பிடித்த நீர்நாய்களின் எண்ணிக்கை சட்டென்று விழுந்திருந்தது. கொன்றவர்கள் வைத்திருந்த கணக்கே அழிவுக்குச் சாட்சியானது. 1978இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபோது அது பெரும்பாலான ஆறுகளில் இல்லாமலே போயிருந்தது. 1977-79இல் நடந்த முதல் தேசியக் கணக்கெடுப்பில் இங்கிலாந்தில் தேடிய இடங்களில் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவான இடங்களில்தான் அதன் எச்சமோ தடமோ கிடைத்தது.

திரும்பி வந்த கதையில் மனிதர் கை கொஞ்சம் உண்டு. ஃபிலிப் வேய்ர் 1971இல் தொடங்கிய நீர்நாய் அறக்கட்டளை, கூண்டில் பிறந்த குட்டிகளை 1983 முதல் கிழக்கு ஆங்கிலியாவின் ஆறுகளில் விடத் தொடங்கியது. 1999இல் அந்த வேலை நின்றபோது விட்டவை நூறைச் சற்றே தாண்டியிருந்தன. நாடு முழுதும் நீர்நாய் பரவியதற்கு இந்த நூறு காரணமாகிவிட முடியாது. நஞ்சுகள் விலக்கப்பட்டன, தண்ணீர் தெளிந்தது, மீன் பெருகியது. மேற்கே தப்பிப் பிழைத்திருந்த கூட்டம் ஆண்டுக்குக் கொஞ்சமாகக் கிழக்கே நகர்ந்தது. 2009-10 கணக்கெடுப்பில் தடம் கிடைத்த இடங்கள் பாதிக்கு மேல். 2011இல் கடைசியாக எஞ்சியிருந்த கெண்ட் மாவட்டத்திலும் நீர்நாய் காணப்பட்டதாக அறிவித்தார்கள். ஆயினும் நீர்நாய்களைத் தூண்டிலாளர்களின் தலைமேல் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள் என்ற பேச்சு கரைகளில் இன்றும் கேட்கிறது.

தண்ணீர் தெளிந்தது என்று ஒரு சொல்லில் கடந்துவிடக் கூடாது. அது தானாகத் தெளியவில்லை. தெளிய வைத்தவர்களில் முன்வரிசையில் நின்றவர்கள் தூண்டிலாளர்கள். 1948இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் ஆறுகளை மாசுபடுத்துகிறவர்களை நீதிமன்றத்துக்கு இழுப்பதற்காகவே தூண்டிலாளர்களின் கூட்டமைப்பு ஒன்றைத் தொடங்கினார். நான்கு ஆண்டுகளில் டார்பி நகரத்துத் தூண்டில் சங்கத்தின் வழக்கு வந்தது. டெர்வென்ட் ஆற்றில் செயற்கை இழை ஆலை தன் கழிவை விட்டது. நகராட்சி சாக்கடையை விட்டது. மின் நிலையம் சூடேறிய நீரை விட்டது. மூவரையும் எதிர்த்து, நதிக்கரை உரிமையின் பேரில், ஒரு சாதாரண சங்கம் வழக்காடி வென்றது. 1953இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தடையாணையை உறுதிசெய்தது. பல்லாயிரம் பேரின் சாக்கடையைச் சுமக்கும் நகராட்சியும் மீனுக்கு வழிவிட வேண்டும் என்று அன்று முடிவானது. சூழலியல் என்ற சொல்லே பொதுப்பேச்சுக்கு வராத காலம் அது. பின்னர் ஈஸ்ட்வுட்டின் கூட்டமைப்பு தொடர்ந்து வழக்குகள் நடத்தியது. நட்டஈடு வாங்கித் தந்தது. ஆலைகளை வடிகட்டி வைக்கச் செய்தது.

இங்கேதான் இந்த விவகாரத்தின் மையம் இருக்கிறது. மீன் வாழத் தகுந்த ஆறு வேண்டும் என்று தூண்டிலாளர் கேட்டார். போராடினார். கிடைத்தது. மீன் வாழத் தகுந்த ஆறு எதுவோ அதுவே நீர்நாய் வாழத் தகுந்த ஆறும். அவர் வென்ற வழக்கின் பலனாகவும்தான் நீர்நாய் இன்று அவர் வாசலில் நிற்கிறது.

அது வந்து சேர்ந்த ஆறு மட்டும் அது விட்டுப்போன ஆறாக இல்லை. நீர்நாயின் விருப்ப உணவு விலாங்கு. கொழுப்பு மிகுந்தது, மெதுவாக நீந்துவது, சேற்றில் கிடப்பது. குறைந்த உழைப்பில் நிறைந்த வயிறு. அந்த விலாங்கு 1980களிலிருந்து ஐரோப்பா முழுதும் வீழ்ந்துவிட்டது. அட்லாண்டிக்கின் நடுவே சர்காசோ கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சுகளாக ஆற்றுமுகங்களுக்கு வந்துசேரும் விலாங்கின் வரவு முன்பிருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இன்று இல்லை. 2008 முதல் அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் இருக்கிறது. நீர்நாய் ஊருக்குத் திரும்பியது. அடுப்படி காலியாக இருந்தது. அது வேறு இரை தேடியது. வட அமெரிக்காவைச் சேர்ந்த, 1970களில் வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்டுத் தப்பிப் பரவிய சிக்னல் நன்னீர் இறாலை உண்கிறது. தவளை உண்கிறது. பக்கத்து ஏரியில் கெண்டை இருந்தால் அதையும் உண்கிறது.

அந்த ஏரிகளின் வரலாறும் பேசப்பட வேண்டும். தென் இங்கிலாந்தின் புகழ்பெற்ற கெண்டை ஏரிகள் பலவும் இயற்கை ஏரிகள் அல்ல. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய காலத்தில் வீடுகளுக்கும் நெடுஞ்சாலைகளுக்கும் மணலும் சரளையும் தோண்டிய குழிகளில் நீர் நிரம்பி ஏரியானவை. பெரும்பாலும் ஆற்றை ஒட்டியே இருப்பவை, ஏனென்றால் சரளை அங்கேதான் கிடைக்கும். கெண்டையும் இங்கிலாந்துக்குச் சொந்தமான மீன் இல்லை. இடைக்காலத்தின் இறுதியில் ஐரோப்பியக் கண்டத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. ஆக, வந்தேறி மீனை, தோண்டிய குழியில், இயற்கை தாங்கக்கூடியதைவிட நெருக்கமாக நிரப்பி, ஆற்றிலிருந்து ஐம்பது அடி தள்ளி வைத்திருக்கிறார்கள். குளிரில் தண்ணீர் உறைநிலையை நெருங்கும்போது கெண்டை விறைத்து அடியில் ஒடுங்கிக் கிடக்கும். நீர்நாயோ வெப்பரத்தப் பிராணி, எப்போதையும்விடப் பசியோடு இருக்கும். அந்த இரவில் நடக்கப்போவதை ஊகிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

இயற்கை ஆற்றில் இரை குறைந்தால் வேட்டையாடியும் குறையும். ஆண் நீர்நாய் ஒன்று முப்பது நாற்பது கிலோமீட்டர் ஆற்றைத் தன் எல்லையாக வைத்துக்கொள்கிறது. மீன் இருப்பதே அந்த எல்லையின் நீளத்தைத் தீர்மானிக்கிறது. வேட்டையாடி இரையை ஒழித்துவிடும் என்ற பயத்துக்கு நல்ல ஆற்றில் இடமில்லாததன் காரணம் இது. இருப்பு வைத்த ஏரியில் இந்தக் கணக்கு வேலைசெய்யாது. குறையும் மீனை அடுத்த வாரம் லாரியில் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். பசித்த விலங்குக்குக் கதவு திறந்த தானியக் கிடங்கு அது.

ஆற்றிலேயே சில இடங்களில் நிலை வேறு. கிரேட் ஊஸ் போன்ற ஆறுகளில் பெரிய பார்பல் மீன்கள் ஒரு காலத்தில் தேசியச் சாதனைகளைத் தந்தன. அவை எண்ணிக்கையில் கொஞ்சம், வயதில் முதியவை. சரளைப் படுகையில் முட்டையிடும் மீன் அது. வயலிலிருந்து வரும் வண்டல் சரளையை மூடிவிட்டால் முட்டை மூச்சுவிடாது. மிஞ்சுகிற முட்டைக்கும் சிக்னல் இறால் காத்திருக்கும். இளம் மீன் வராத ஆற்றில் கிழ மீன்கள் மட்டும் நீந்திக்கொண்டிருந்தன. தூண்டிலாளருக்கு அது வளமாகத் தோன்றியது. நீர்நாய் வந்து அந்தக் கடைசிக் கிழங்களை எடுத்தபோது ஆறு வெறுமையானது. வெறுமையாக்கியது நீர்நாய் என்று சொல்வது எளிது. முட்டை பொரிக்காத இருபது ஆண்டுகள் கண்ணுக்குத் தெரியாதவை. கரையில் கிடக்கும் எலும்பு கண்ணுக்குத் தெரிகிறது.

நீர்க்காகத்தின் கதை இதிலிருந்து விலகியது. இதில் தூண்டிலாளர் பக்கம் சான்று கூடுதலாகவே உண்டு. பிரிட்டனின் நீர்க்காகங்கள் வழிவழியாகக் கடற்பாறைகளில் கூடு கட்டியவை. 1981இல் எஸ்ஸெக்ஸின் ஆபர்டன் நீர்த்தேக்கத்தில் அவை மரங்களில் கூடு கட்டத் தொடங்கின. ஐரோப்பியக் கண்டத்தில் உள்நாட்டு மரங்களில் கூடுகட்டும் வேறொரு துணையினம் உண்டு. அதன் கலப்பும் வரவும் இதில் இருந்தது. அந்தத் துணையினம் 1960களில் வடமேற்கு ஐரோப்பாவில் சில ஆயிரம் இணைகளாகச் சுருங்கியிருந்தது. 1979இன் ஐரோப்பியப் பறவைகள் ஆணைக்குப் பிறகு பல பத்தாயிரங்களாகப் பெருகியது. உரம் கலந்த தண்ணீரில் சிறுமீன் மிகுந்ததும், சரளைக் குழிகள் ஏரிகளானதும் அதற்குத் துணை செய்தன. குளிர்காலத்தில் இங்கிலாந்தின் உள்நாட்டு நீர்நிலைகளில் இன்று அது சாதாரணக் காட்சி.

நீர்க்காகம் கூட்டமாக வரும். பெரிய மீனை விட்டு, முப்பது சென்டிமீட்டருக்கு உட்பட்ட மீன்களை அள்ளும். நாளைய ஆற்றின் இருப்பு அந்த அளவிலேதான் இருக்கிறது. அதன் வாயிலிருந்து தப்பிய மீனின் விலாவில் கொக்கி அலகின் கீறல் இருக்கும். கீறல் வழியே நோய் புகும். பயந்த ரோச் கூட்டங்கள் குளிர்காலத்தில் ஆற்றின் நீளத்தை விட்டுவிட்டு நகரப் பாலங்களின் அடியிலும் படகுத் துறைகளிலும் அடைந்து கிடப்பதைத் தூண்டிலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். டென்மார்க்கில் ஆய்வாளர்கள் ஆற்று மீன்களுக்குள் சிறு மின்னணுக் குறிப்பான்களை வைத்தார்கள். பிறகு நீர்க்காகங்கள் அடையும் மரங்களின் அடியில் எச்சத்துக்குள் அவற்றைத் தேடி எடுத்தார்கள். சிற்றாறுகளில் கிரேலிங், டிரவுட் போன்ற மீன்களுக்கு அந்தப் பறவையால் பெரும் சேதம் நேர்வது அதில் உறுதியானது. பறவை எண்ணிக்கையை இயற்கை சமன்செய்துகொள்ளும் என்ற பொதுவாக்கியம் இங்கே போதாது. கடலிலும் ஏரியிலும் வயிறு நிரப்பிக்கொண்டு வரும் பறவை, சிற்றாற்றின் மீன் தீர்ந்தால் பட்டினி கிடக்காது, வேறிடம் போகும்.

அரசு 2004இல் விதியைத் தளர்த்தியது. மீன்வளத்துக்குச் சேதம் என்று காட்டினால் இங்கிலாந்தில் ஆண்டுக்கு 2,000 நீர்க்காகங்கள் வரை, முதல் இரண்டு ஆண்டுகளில் தேவையானால் 3,000 வரை, சுட அனுமதிக்கலாம் என்றது. 2009இல் உருவான தூண்டிலாளர் அறக்கட்டளை அதற்கு மேலும் தளர்வு கேட்டது. பறவை அமைப்புகள் எதிர்த்தன. சுடுவதால் ஒரு குறிப்பிட்ட நீர்நிலையிலிருந்து பறவைகளை விரட்ட முடியும். மொத்த எண்ணிக்கையைக் குறைப்பது வேறு. பவேரியாவில் குளிர்காலம்தோறும் ஆயிரக்கணக்கில் சுட்டும் அங்கே குளிர்காலத்தைக் கழிக்கும் பறவைகள் பெரிதாகக் குறையவில்லை. காலியான கிளைக்கு வடக்கிலிருந்து வேறொன்று வந்து உட்கார்ந்தது.

நீர்நாயைக் கொல்லக் கூடாது, நீர்க்காகத்தை அனுமதியோடு சுடலாம் என்கிற சட்டத்தின் இந்த வேறுபாட்டில் உயிரியலைவிட மனித மனத்தின் பங்கு அதிகம். நீர்நாய்க்கு 1927இல் ஹென்றி வில்லியம்சனின் 'டார்க்கா' நாவல் கிடைத்தது. 1960இல் கேவின் மாக்ஸ்வெலின் புத்தகம் கிடைத்தது. குழந்தைகள் பொம்மையாக அணைத்துக்கொள்ளும் முகம் அதற்கு. நீர்க்காகத்துக்கு வாய்த்ததோ மில்டனின் காவியத்தில் உயிர் மரத்தின் மேல் சாத்தான் எடுத்து உட்கார்ந்த உருவம். அரிதாகவும் அழகாகவும் இருப்பதைக் காப்போம், கறுப்பாகவும் கூட்டமாகவும் இருப்பதைச் சுடுவோம் என்பது நேர்மையான கொள்கை ஆகாது. ஒவ்வொரு நீர்நிலையிலும் என்ன நடக்கிறது என்று பார்த்துத் தீர்மானிப்பதுதான் முறை.

துப்பாக்கி இல்லாத வழிகளில் சில வேலை செய்கின்றன. ஏரியின் ஒரு மூலையில் கம்பி வலையடைப்புக்குள் மரக்கிளைகளை அமிழ்த்தி வைத்தால் சிறுமீன் உள்ளே போய்ப் பதுங்கும். நீர்க்காகம் போக முடியாது. இத்தகைய மறைவிடம் உள்ள குளங்களில் பறவைகளின் வரவும் மீன் இழப்பும் கணிசமாகக் குறைவதை இங்கிலாந்தில் சோதனைகள் காட்டியிருக்கின்றன. கரையில் தாவரங்களை வெட்டாமல் விடுவதும், விழுந்த மரத்தை ஆற்றிலேயே கிடக்க விடுவதும் இதே வேலையைச் செலவில்லாமல் செய்யும். நீர்நாய்க்கு வேலி. கம்பிவலையின் அடியை மண்ணுக்குள் மடித்துப் புதைத்து, மேலே வெளிப்புறமாக வளைத்துக் கட்ட வேண்டும். இல்லையேல் மின்கம்பி ஓட்ட வேண்டும். தூண்டில் உரிமக் கட்டணத்திலிருந்து இதற்கு உதவித்தொகை தருகிறார்கள். நன்கு வேலியிட்ட ஏரிக்குள் நீர்நாய் சிக்கிக்கொண்டால், பயிற்சி பெற்ற உரிமதாரர் அதைக் காயப்படுத்தாமல் பிடித்து வெளியே விடவும் இப்போது சட்டம் இடம் கொடுக்கிறது. கொல்வது குற்றமாகவே நீடிக்கிறது. அப்படித்தான் நீடிக்க வேண்டும். கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் 1992 முதல் செத்த நீர்நாய்களைப் பரிசோதித்து வருகிறார்கள். வந்து சேரும் உடல்களில் மிகப் பெரும்பாலானவை சாலையில் அடிபட்டவை.

வேலி ஏரிக்குத்தான். ஆற்றுக்கு வேலி போட முடியாது. ஆற்றின் மீனுக்குப் பாதுகாப்பு ஆற்றின் நலம் மட்டுமே, அந்த நலமோ மோசமாக இருக்கிறது. 2020இல் வெளியான அதிகாரபூர்வக் கணக்கில் இங்கிலாந்தின் ஆறுகளில் நல்ல சூழலியல் நிலையில் இருந்தவை 14 விழுக்காடு. வேதியியல் அளவுகோலில் தேறியது ஒன்றுகூட இல்லை. 2023இல் மட்டும் மழைநீர் வழிந்தோட வைத்த குழாய்கள் வழியாகச் சுத்திகரிக்காத கழிவுநீர், எல்லாக் குழாய்களின் நேரத்தையும் கூட்டினால், 36 லட்சம் மணி நேரம் ஆறுகளிலும் கடலோரங்களிலும் கொட்டியது. நீர்நாய் தின்ற மீனுக்குக் கணக்கு வைக்கிற கரையில் இந்த மணி நேரங்களுக்கும் கணக்கு வைக்க வேண்டும். தூண்டிலாளர் சங்கங்கள் பலவும் இப்போது அதைச் செய்கின்றன. ஞாயிறுதோறும் நீர் மாதிரி எடுத்து அம்மோனியாவும் பாஸ்பேட்டும் அளக்கிறார்கள். 1948இல் தொடங்கிய அந்தப் பழைய மரபின் தொடர்ச்சி அது, நீர்க்காகத்தைச் சுடக் கேட்கும் மனுக்களைவிட மீனுக்கு அதிகம் நன்மை செய்வதும் அதுவே.

இன்னொரு வேலையும் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆலைச் சக்கரத்துக்காகவும் படகுப் போக்குவரத்துக்காகவும் கட்டிய ஆயிரக்கணக்கான சிறு தடுப்பணைகள் ஆறுகளில் இன்னும் நிற்கின்றன. 2009இல் இயற்றிய விலாங்கு விதிகள் அவற்றில் விலாங்கு ஏற வழி வைக்கச் சொல்கின்றன. வழி என்பது பெரிய கட்டுமானம் ஒன்றுமில்லை: தூரிகை மயிர்போல் நெருக்கமாக நார் பதித்த ஒரு சாய்பலகை, அதன் மேல் எப்போதும் கசியும் சிறிது தண்ணீர். அப்படிப் பலகை வைத்த அணைகளில், வசந்தகால இரவுகளில், விரல் நீள விலாங்குக் குஞ்சுகள் நாருக்குள் நெளிந்து நெளிந்து மேலே ஏறிப் போகின்றன.